துருத்தி சரி, ஷட்டர் சரி, படம் மட்டும் மங்கல்: ஒரு மடிப்புக் கேமராவின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒருவர் 1950களில் தயாரான மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமில் படம் எடுக்கும்) மடிப்புக் கேமரா ஒன்றை வாங்கினார். அதைப் படம் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வரை நடந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். வாங்கியவரும் அவருக்கு ஆலோசனை சொன்ன மூத்தவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன், பெயர்கள் இல்லை. கேமரா நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். கீழே வரும் கோளாறு, முன் லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்யும் எந்தப் பழைய கேமராவிலும் வரக்கூடியது. எழுபது வயது கிரீஸ் இறுகிப்போனதற்கு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பின்னணி

வாங்கியவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 35 மி.மீ. ஃபிலிமில் சில ஆண்டுகள் எடுத்துப் பழகியவர், வீட்டிலேயே கறுப்பு வெள்ளை டெவலப் செய்பவர். அவருக்குப் பெரிய நெகட்டிவ் மேல் ஆசை. 35 மி.மீ. படத்தின் பரப்பு 24×36 மி.மீ. 120 என்ற அகலமான ரோல் ஃபிலிமில் 6×6 செ.மீ. என்று சொன்னாலும் உண்மையில் விழுவது 56×56 மி.மீ. அதுவே மூன்றரை மடங்குக்கு மேல். சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இதே நெகட்டிவைத் தரும் ஹாசல்பிளாடும் ரோலிஃபிளெக்ஸும் விலையிலும் எடையிலும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. மடிப்புக் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருப்பது துருத்தி (மடிந்து விரியும், ஒளி புகாத உறை) மட்டுமே. மூடினால் தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் அடங்கிவிடும். ஃபிலிமுக்கும் கவலை இல்லை. 1901இல் கோடாக் கொண்டுவந்த அதே 120 அளவு இன்றும் கடையில் கிடைக்கிறது. 620 ஸ்பூல் (ஃபிலிம் சுற்றிய உருளை) கேட்கும் கேமராக்களை மட்டும் அவர் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார். ஃபிலிம் ஒன்றுதான், ஆனால் ஸ்பூல் ஒல்லி. இருட்டில் மாற்றிச் சுற்றும் வேலை வேண்டாம் என்றார்.

ஸைஸ் இகான் நெட்டார், இகோன்டா, ஃபோக்ட்லாண்டர் பெர்கியோ, அக்ஃபா ஐசொலெட் என்று ஒரு பட்டியல் அவர் கையில் இருந்தது. சூப்பர் இகோன்டாவில் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) லென்ஸோடு இணைந்தது, ஆனால் விலை ஏறிவிடும். ஜப்பானின் மாமியா சிக்ஸ் இன்னொரு வகை. அதில் லென்ஸ் அசையாது, ஃபிலிம் தளமே முன்னும் பின்னும் நகரும். இந்த வித்தியாசத்தை அப்போது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இளவயதில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவரிடம் யோசனை கேட்டார். அவர் சொன்னது: “தம்பி, எந்த மாடல்னு அலையாத. எந்த நிலைமையில இருக்குன்னு பாரு. நல்லா இருக்குற சாதா லென்ஸ், கெட்டுப்போன டெஸ்ஸாரைவிட மேல்.” டெஸ்ஸார் என்பது ஸைஸின் பேர்பெற்ற நான்கு கண்ணாடி லென்ஸ்.

வாங்கிய விதம்

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையம் அருகே பெனின்சுலா வட்டாரத்தில் பழைய கேமரா விற்கும் கடைகள் உண்டு. அங்கே ஒரு கடையில் இதே ரகம் 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று மாத உத்தரவாதத்தோடு. பழைய பொருள் விற்கும் கைப்பேசிச் செயலியில் ஒரு தனியாரிடம் 180 வெள்ளி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 200 வெள்ளி மிச்சமானால் ஃபிலிம் வாங்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பில்லை, பழுது பார்க்கும் செலவுக்கு ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே இருவரும் சந்தித்தார்கள். போகும் முன் மூத்தவர் சொல்லிக்கொடுத்தபடி, ஷட்டரை பி நிலையில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே நிற்கும்) திறந்துபிடித்து டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்தார். லேசான புகைமூட்டம், பூஞ்சை இல்லை. இந்த ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை இல்லாத பழைய லென்ஸ் கிடைப்பதே நல்ல சகுனம். ஷட்டர் வேகங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். 1/25 முதல் 1/300 வினாடி வரை சத்தம் திருத்தமாக இருந்தது. ஒரு வினாடி மட்டும் இழுத்துக்கொண்டே போனது. செல்ஃப் டைமர் நெம்புகோலைத் தொடவில்லை. பழைய ஷட்டர்களில் அது பாதியில் சிக்கி, ஷட்டரையே பூட்டிவிடும்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார், திரும்பியது. வளையம் முதலில் இறுக்கமாக இருந்ததாகவும், தானே முன்னும் பின்னும் அசைத்துத் தளர்த்தியதாகவும் விற்றவர் பெருமையோடு சொன்னார். விற்றவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் மறைக்கவில்லை, கேட்காமலே சொன்னார். கேட்ட பக்கத்தில்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர் யாரும் இல்லை. பணம் கைமாறியது.

வீட்டில் நடந்த சோதனை

துருத்தியைச் சோதிக்க இருட்டறை வேண்டும். செங்காங் போன்ற புது வட்டாரங்களின் வீவக வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. கனமான இரும்புக் கதவு போட்ட, சன்னல் இல்லாத வீட்டுப் புகலிடம் (போர்க்கால அவசரத்துக்கான சிறு அறை) இருக்கிறது. பலர் வீட்டில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் இருக்கும் அந்த இடத்தில் இவர் ஃபிலிம் டெவலப் செய்கிறார். கதவைச் சாத்தி, கேமராவின் பின்கதவைத் திறந்து, சிறிய எல்இடி விளக்கை உள்ளே விட்டுத் துருத்தியை மெல்லத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு மூலைகளில் இரண்டு ஊசிமுனைப் புள்ளிகள் வெளிச்சம் விட்டன. மடிப்பு மூலைதான் எப்போதும் முதலில் தேயும். துணிக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை ஊசிமுனையால் தொட்டுவைத்தார். காய்ந்த பிறகு பார்த்தால் வெளிச்சம் இல்லை.

ஒரு வினாடி வேகத்தை அப்படியே விட்டார். பட்டப்பகலில் கையில் பிடித்து எடுப்பவருக்கு அது தேவைப்படாது என்ற முடிவு நியாயமானதே.

முதல் ரோல்

இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஐஎஸ்ஓ 125. சனிக்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் தேக்காவில் இருந்து கேம்பல் லேன் வரை. வெயிலில் எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), 1/100 வினாடி. ஐந்தடி நடைபாதை நிழலில் பூமாலைக் கடைகளை எஃப் 4.5க்குத் திறந்து எடுத்தார். கெர்போ சாலையில் டான் டெங் நியா வீடு என்ற பழைய சீன மாளிகையின் முகப்பை, ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான குறியில்) வைத்து எடுத்தார். பின்பக்கச் சிவப்புச் சாளரத்தைப் படத்தின் எண் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உடல் நிழலில் திறந்தார். இன்றைய ஃபிலிம் சிவப்பு ஒளியையும் பிடிக்கும் என்பதால் அது அவசியம்.

டெவலப் செய்ததில் ஒரு ஊர்ச் சிக்கல். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறைவாக வருவது அபூர்வம். டெவலப்பர் மருந்தின் தாளில் எழுதியிருக்கும் 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் வேண்டும், அதை அங்கேயே நிறுத்தி வைப்பது இன்னும் கஷ்டம். இவர் 24 டிகிரியில் நிறுத்தி நேரத்தைக் குறைத்துக்கொள்வார். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும்.

நெகட்டிவில் ஒளிக்கசிவு இல்லை. அடர்த்தி ஒரே சீர். பன்னிரண்டு படமும் சரியான இடைவெளியில் விழுந்திருந்தன. ஆனால் எஃப் 4.5இல் எடுத்த ஒன்றில்கூட ஒரு கோடு கூர்மையாக இல்லை. மாலைக் கடைக்காரரின் மல்லிகைச் சரம் பஞ்சுக் கயிறாகத் தெரிந்தது. எஃப் 16 படங்கள் சின்னதாகப் பார்த்தால் பரவாயில்லை, பெரிதாக்கினால் அவையும் கரைந்தன.

எது காரணம் என்ற விவாதம்

அடுத்த சில நாள்கள் எங்கள் மூவருக்குள் வாதம்தான். இந்த நிகழ்வில் மற்றவர்களுக்குப் பயன்படும் பகுதி இது என்று நினைப்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

வாங்கியவரின் சந்தேகம் ஃபிலிம் தட்டையாக நிற்கவில்லை என்பது. மடிப்புக் கேமராவைப் படக்கென்று திறந்தால் துருத்தி விரியும்போது உள்ளே காற்று இழுக்கும், ஃபிலிம் முன்பக்கம் உப்பும். இது மெய்யான கோளாறுதான். மூத்தவர், “கை ஆடிடுச்சு தம்பி, அந்தப் பட்டன் ரொம்ப அழுத்தம்” என்றார். அதுவும் சாத்தியம்தான். லென்ஸின் புகைமூட்டமாக இருக்கலாம் என்றும், லென்ஸைத் தாங்கும் முன்பலகை கோணலாக நிற்கலாம் என்றும் பேசினோம்.

ஊகித்துக்கொண்டே போவதைவிட நெகட்டிவைக் கேட்பதுதான் முறை. ஒவ்வொரு கோளாறும் தனித் தடம் விடும். கை ஆடியிருந்தால் மங்கல் ஒரு திசையில் இழுபடும். தெரு விளக்கின் பளபளப்பு கோடாக நீளும். ஃபிலிம் உப்பியிருந்தால் ஒரே படத்தில் ஒரு பகுதி கூர்மையாகவும் இன்னொரு பகுதி மங்கலாகவும் இருக்கும், அந்த இடமும் படத்துக்குப் படம் மாறும். முன்பலகை கோணல் என்றால் எல்லாப் படத்திலும் ஒரே பக்கம் கெடும். புகைமூட்டம் கறுப்பை வெளுக்கச் செய்யும், ஆனால் விளிம்புகளைக் கரைக்காது.

இந்த நெகட்டிவில் மங்கல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, எல்லாப் படத்திலும், நடுவிலும் ஓரத்திலும். மிச்சமிருந்தது ஒன்றே: ஃபோகஸ். ஆனால் வளையம் திரும்புகிறதே, தூரத்தை ஒழுங்காக வைத்தேனே என்றார் வாங்கியவர். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்த தூரத்தை அவர் வளையத்தில் பிழையில்லாமல்தான் மாற்றியிருந்தார். வளையம் காட்டும் தூரத்தை லென்ஸ் மதிக்கிறதா என்பதை ஃபிலிம் தளத்தில்தான் பார்க்க முடியும்.

ஃபிலிம் தளத்தில் பார்த்தது

கேமராவில் ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் தங்கும் உள் தண்டவாளங்களின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினோம். சுருக்கமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். ஷட்டரை பி நிலையில் வைத்துக் கேபிள் ரிலீஸின் (ஷட்டரைத் தள்ளி நின்று அழுத்தும் கம்பி) பூட்டுத் திருகால் திறந்து நிறுத்தினோம். கேமராவை முக்காலியில் ஏற்றி, வீட்டு நடைக்கூடத்தில் இருந்து சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கும் புளோக்கின் பக்கச் சுவரை நோக்கித் திருப்பினோம். வீவக கட்டடங்களில் புளோக் எண் சுவரில் ஆள் உயரத்துக்குமேல் எழுதியிருக்கும். ஃபோகஸ் பார்க்க அதைவிட நல்ல பலகை கிடைக்காது. தலைமேல் ஒரு கறுப்புத் துண்டு, கண்ணில் பூதக்கண்ணாடி. நாடாவில் அந்த எண் தலைகீழாக விழுந்தது.

வளையம் இன்ஃபினிட்டியில் இருந்தது, எண் மங்கல். வளையத்தை ஒரு கோடியில் இருந்து மறுகோடிவரை மெல்லத் திருப்பியும் அந்த எண் எங்கேயும் கூர்மைக்கு வரவில்லை.

மூத்தவர் கேமராவை வாங்கி, மெல்லிய வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டார். முன் லென்ஸின் விளிம்பில் தொடங்கி, அதற்குப் பின்னால் தெரியும் இரண்டாம் லென்ஸின் உலோகக் கூட்டைத் தாண்டி, ஷட்டரின் முகப்புவரை ஒரே நேர்கோடு. பிறகு வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பினார். ஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்தால் முன் லென்ஸின் மேல் உள்ள கோட்டுத் துண்டு மட்டும் நகர வேண்டும், மற்ற இரண்டும் நேராக நிற்க வேண்டும். இங்கே முன் லென்ஸும் இரண்டாம் லென்ஸும் ஒட்டியபடி சேர்ந்து நகர்ந்தன. ஷட்டர் மேல் இருந்த துண்டு மட்டும் தனியே நின்றது.

“பாத்தியா, கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி சேந்தே சுத்துது” என்றார்.

காரணம் இதுதான். இந்த வகை மூன்று கண்ணாடி லென்ஸில் முன் கண்ணாடியை மட்டும் திருகி, அதற்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியை மாற்றித்தான் ஃபோகஸ் நடக்கிறது. அந்த மரையில் பூசிய பழைய கிரீஸ் காலப்போக்கில் பிசினாக இறுகிவிடும். இறுகிய வளையத்தை வலுவாகத் திருப்பினால், முன் கண்ணாடி அசைவதற்குப் பதில் இரண்டாம் கண்ணாடியின் கூடு ஷட்டரில் இருந்து கழலத் தொடங்கும். கையில் வளையம் தளர்ந்தது போலத் தோன்றும். மாற வேண்டிய இடைவெளி மாறாது, மாறக் கூடாத இடைவெளி மாறும். விற்றவர் தளர்த்தியது இதைத்தான்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. திருப்பிக் கொடுப்பது: தனியாரிடம் ரொக்கத்துக்கு வாங்கியது, விற்றவர் மறுத்துவிட்டார், அவர் வேண்டுமென்று ஏமாற்றவும் இல்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது: ஒருவர் 150 வெள்ளி கேட்டார், அதோடு கணக்கு கடை விலையை நெருங்கிவிடும். மூன்றாவது, தானே செய்வது.

வாங்கியவர் மூன்றாவதைத் தேர்ந்தார். நானும் மூத்தவரும் தடுக்கவில்லை. முன் இரண்டும் தனித்தனி ஒற்றைக் கண்ணாடிகள், ஒன்றோடொன்று பசையால் ஒட்டியவை அல்ல. கரைப்பானில் ஊறினால் பிரிந்து கெட எதுவும் இல்லை. ஷட்டரின் உள்ளே கை வைக்கவும் தேவையில்லை. டெஸ்ஸார் வகையின் பின்பக்க ஒட்டுக் கண்ணாடியை ஊறவைக்கும் வேலையாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்போம்.

வளையத்தின் விளிம்பில் இருந்த மூன்று பொடித் திருகுகளைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றினார். ஒட்டிய இரு கண்ணாடிகளையும் ஒன்றாகவே ஷட்டரில் இருந்து திருகி எடுத்தார். லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் விட்டு அதில் ஊறவைத்தார். சன்னலோரம், அடுப்பு அணைந்த வீடு. சில நாள் கழித்து எடுத்து, முழுக்க உலரவிட்ட பிறகே முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினார். இந்த வரிசை முக்கியம். ஈரமாக இருக்கும்போது சூடு காட்டினால் தீப்பிடிக்கும். ரப்பர் துண்டு சுற்றிப் பிடித்துத் திருப்பியும் முதலில் அசையவில்லை. இடுக்கி எடுக்கப் போனவரை மூத்தவர் தடுத்து மறுபடி ஊறப்போடச் சொன்னார். அவசரப்பட்டிருந்தால் மெல்லிய கூடு நெளிந்து கோழிமுட்டை வடிவத்துக்குப் போயிருக்கும், அதன் பிறகு எந்த மரையும் ஏறாது. அடுத்த முறை சூடாக்கியபோது சன்னமான சத்தத்தோடு விட்டது. மரையில் இருந்த கிரீஸ் பச்சை மெழுகு போலச் சுரண்ட வந்தது.

மரைகளைத் துடைத்துப் புது கிரீஸ் பொட்டளவு வைத்தார். இரண்டாம் கண்ணாடியின் கூட்டை ஷட்டரில் கடைசிவரை இறுக்கினார். முன் கண்ணாடியைத் திருகி, மறுபடி நாடாவும் பூதக்கண்ணாடியுமாக நடைக்கூடத்துக்கு வந்தார். எஃப் 4.5இல் அந்தப் புளோக் எண் கூர்மைக்கு வந்த இடத்தில் நிறுத்தி, வளையத்தின் இன்ஃபினிட்டிக் குறியைப் பொருத்தி மூன்று திருகுகளையும் இறுக்கினார். லென்ஸைத் துடைத்ததில் புகைமூட்டமும் பெரும்பாலும் போய்விட்டது.

பின்னர் நடந்தது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் இரண்டாவது ரோல் தள்ளிப்போனது. மழை விட்ட ஒரு நாள், புளோக்கின் கீழ்த்தளத்தில் டேப் வைத்து 1.5 மீட்டரும் 3 மீட்டரும் அளந்து, தூணில் செய்தித்தாள் ஒட்டி, எஃப் 4.5இல் எடுத்தார். 3 மீட்டரில் இந்த லென்ஸுக்குத் தெளிவு ஆழம் (கூர்மையாகத் தெரியும் தூர வரம்பு) ஏறக்குறைய அரை மீட்டர்தான், அதனால் பிழை இருந்தால் ஒளிய இடம் இல்லை. பொடி எழுத்துகள் நடுவில் படிக்க வந்தன. ஓரங்கள் மென்மை, அது மூன்று கண்ணாடி லென்ஸின் இயல்பு. எஃப் 11இல் ஓரமும் தேறியது.

இரண்டு படங்களில் மட்டும் ஒரு பக்கம் அலை அலையாக மங்கியிருந்தது. அதுவும் வேறு வேறு இடத்தில். முதலில் தள்ளிய உப்பல் சந்தேகம் இங்கே உண்மையானது. அந்த இரண்டையும் அவர் ஃபிலிமை முன்பே சுற்றிவைத்துவிட்டு, கேமராவை மூடி, பிறகு திறந்து எடுத்திருந்தார். இப்போது முதலில் கேமராவை மெதுவாகத் திறப்பது, பிறகு சுற்றுவது, உடனே எடுப்பது என்று மாற்றிக்கொண்டார். அதற்குப்பின் அந்த அலை வரவில்லை.

துருத்தியில் பூசிய சாயம் சில மாதங்களில் ஒரு மூலையில் வெடித்தது. மறுபடி பூசியிருக்கிறார், புதுத் துருத்திக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார். கேமரா இப்போது ஈரப்பதம் 45 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் இருக்கிறது.

மறுபடி செய்தால் மாறுபவை

மங்கலான நாடாவும் சிறு பூதக்கண்ணாடியும் சட்டைப் பையில் அடங்கும். சந்திக்கும் இடத்திலேயே பின்கதவைத் திறந்து, எதிரே தெரியும் புளோக் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதாக வாங்கியவர் சொல்கிறார். எம்ஆர்டி நிலைய வாசலில் அது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் வாங்கலாம், அதைக் கழுவிக்கொள்ளலாம். யாராவது தளர்த்திக் கொடுத்தது என்றால் பார்க்காமல் வாங்குவதில்லை என்பது அவர் இப்போதைய விதி.

விலையைப் பொறுத்தவரை எனக்கும் மூத்தவருக்கும் கருத்து வேறு. கருவியைத் திறக்கக் கை கூசாதவருக்கு 180 வெள்ளி மலிவு என்கிறார் அவர். டெவலப்பிங்கே புதிது என்பவர் கடைக்காரரிடம் 380 கொடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். முதல் ரோல் மங்கினால் கேமராவா, கையா, மருந்தா என்று அவரால் பிரித்தறிய முடியாது.

ஒரு வினாடி வேகம் இன்னும் இழுக்கிறது. ஷட்டரைத் திறந்து கழுவ 80 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். இரவில் முக்காலி போட்டு எடுக்கும் ஆசை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்.